வாரக் கூட்டம் முதல் கண் முகாம் வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி சேவைச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை பிறந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்யாண மண்டபங்களின் வாசலில் பதவியேற்பு விழா பிளக்ஸ்கள் வரிசைகட்டி நிற்கும். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டுக் கணக்கு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. அதனால்தான் இந்த சீசன். புதுத் தலைவர் கழுத்தில் பதவிச் சின்னமான காலர் ஏறும், சால்வைகள் குவியும், மேடையிலேயே ஒரு தையல் இயந்திரமும் மாணவர்களுக்குக் கொஞ்சம் நோட்டுப் புத்தகமும் வழங்கப்படும். ஆகஸ்ட் நடுவில் அதே சங்கத்தின் வாரக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதிலும் சிலர் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தவர்களாக இருப்பார்கள்.

ஒரு சங்கம் உருப்படியாகச் சேவை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் புகைப்பட ஆல்பம் வேண்டாம், கூட்டக் குறிப்பேடு போதும் என்பது என் கட்சி. எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் எழுதியிருந்தால் அந்தச் சங்கத்தின் முகாம் நன்றாக நடக்கும். 'சிறப்பாக விவாதிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் நடக்காது. அதனால் இந்த வழிகாட்டி கூட்டத்தில் தொடங்கித் திட்டங்களுக்குப் போகிறது. ரோட்டரி, லயன்ஸ், ஜேசிஸ், இன்னர் வீல் என்று எதுவாக இருந்தாலும், பேர் வைக்காத ஊர் நண்பர்கள் குழுவாக இருந்தாலும், முக்கால்வாசி விஷயம் ஒன்றுதான்.

படி 1: நாள், நேரம், இடம்

1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தன் நண்பர்கள் மூவரோடு ரோட்டரியைத் தொடங்கியபோது, கூட்டம் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் மாறி மாறி நடந்தது. சுழன்று வருவதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. நம் ஊர்களுக்கு அந்தச் சுழற்சி சரிப்படாது. இடம் மாறினால் 'இந்த வாரம் எங்கே?' என்று கேட்டே பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். ஒரே ஹால், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரா வாரம் கூடியே ஆக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ல் ரோட்டரி விதியைத் தளர்த்தி, மாதம் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்றாக்கியது. முப்பது பேருக்குள் இருக்கும் சங்கத்துக்கு இரண்டு நல்ல கூட்டமும் ஒரு நிர்வாகக் குழுக் கூட்டமும் தாராளம். நாலு சோர்ந்த கூட்டத்தைவிட அது மேல்.

கிழமையைத் தேர்ந்தெடுக்கும்போது உறுப்பினர்களின் தொழிலைப் பாருங்கள். கடைக்காரர்கள் அதிகம் என்றால் இரவு 8.30-க்கு முன் யாரும் வர மாட்டார்கள். ஓசூர் சிப்காட் பக்கத்துச் சங்கம் என்றால் ஷிஃப்ட் நேரம் பார்க்க வேண்டும். போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தால் சந்தையை விட்டு யார் வருவார்கள்? மாங்காய் சீசனில், மே, ஜூன் மாதங்களில், கிருஷ்ணகிரி மண்டிக்காரர்களையும் கூழ் தொழிற்சாலைக்காரர்களையும் எதிர்பார்க்கவே கூடாது. அந்த இரண்டு மாதத்துக்கு அவர்கள் தலையில் பொறுப்பு எதையும் கட்டாதீர்கள்.

படி 2: பதவிக்கு ஆள்

தலைவர் மேடைக்கு, செயலாளர் வேலைக்கு என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். உண்மையும் அதுதான். நல்ல செயலாளர் அமைந்தால் சுமாரான தலைவரை வைத்துக்கூட ஒரு வருடம் ஓட்டிவிடலாம், மாற்றி அமைந்தால் முடியாது. பொருளாளராக, கணக்கு கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஒருவரைப் போடுங்கள்.

ரோட்டரியில் சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் என்றும் லயன்ஸில் டேமர், டெயில் ட்விஸ்டர் என்றும் பதவிகள் உண்டு. பலரும் இவற்றை அலங்காரப் பதவி என்று நினைத்து, புதிதாகச் சேர்ந்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கூட்டம் நேரத்துக்குத் தொடங்குவதும் மைக் கரகரக்காமல் இருப்பதும் விருந்தினரை வாசலில் நின்று அழைத்து வருவதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கொஞ்சம் வாய்த்துடுக்கான ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. தாமதமாக வரும் முன்னாள் தலைவரிடமே சிரித்துக்கொண்டு அபராதம் வாங்கத் தெரிய வேண்டும்.

படி 3: எழுபத்தைந்து நிமிட நிகழ்ச்சி நிரல்

மணி அடிப்பது, தமிழ்த்தாய் வாழ்த்து, பிரார்த்தனை அல்லது உறுதிமொழி எல்லாம் சேர்த்து 5 நிமிடம். ரோட்டரிக்காரர்கள் இங்கே நான்கு வழிச் சோதனையைச் சொல்வார்கள்: உண்மையா, அனைவருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, அனைவருக்கும் நன்மையா. 1932-ல் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் எழுதிய நான்கு கேள்விகள் இவை. ஒப்பிப்பதோடு விடாமல், திட்டச் செலவை அங்கீகரிக்கும்போதும் இதே நாலையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து விருந்தினர் அறிமுகம், பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து. 10 நிமிடத்துக்கு மேல் போகவிடாதீர்கள். சால்வை போடுவதற்கே இருபது நிமிடம் ஆகும் கூட்டங்கள் இருக்கின்றன. வருகை தந்த ஒவ்வொரு முன்னாள் பொறுப்பாளர் பெயரையும் பட்டத்தோடு மூன்று பேர் மூன்று முறை வாசிக்கும் வழக்கத்தை யாராவது ஒரு தலைவர் தைரியமாக நிறுத்தினால் புண்ணியம் உண்டு.

பிறகு செயலாளர் அறிக்கை, 15 நிமிடம். கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போன கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி, முடிந்ததா இல்லையா என்று கேட்க வேண்டும். முடியவில்லை என்றால் காரணம் கேட்டு வறுக்க வேண்டாம். புதுத் தேதியோ புது ஆளோ கேட்டு எழுதிக்கொண்டால் போதும். 'பார்த்துக்கலாம்ண்ணா' என்ற பதிலை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

பேச்சாளருக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம். மிச்சம் இருப்பது மகிழ்ச்சிப் பெட்டிக்கும் நன்றியுரைக்கும் தேசிய கீதத்துக்கும். அப்புறம் சாப்பாடு. சாப்பாட்டை முதலில் போட்டால் பேச்சாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டிவரும்.

மகிழ்ச்சிப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உறுப்பினர் தன் வீட்டில் நடந்த நல்லதைச் சொல்லி நூறோ ஐநூறோ போடுவார். மகளுக்குத் தர்மபுரி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கடைக்கு ஐந்து வருடம் ஆனது, தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வந்தது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவரை ஒருவர் தொழில் முறையில் மட்டும் தெரிந்தவர்கள் வீட்டு முறையில் தெரிந்துகொள்வது இந்த ஐந்து நிமிடத்தில்தான். முகாம் அன்று காலை 5 மணிக்கு வேன் எடுத்துக்கொண்டு வருபவர் இந்தப் பழக்கத்தில்தான் வருகிறார்.

படி 4: பேச்சாளரைப் பயன்படுத்துவது

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த திட்டத்துக்கு யாரிடம் விவரம் கிடைக்குமோ அவரைக் கூப்பிடுவதே லாபம். தொப்பூர் கணவாயில் விபத்துக்கு ஓடும் 108 ஊழியர் ஒருவர் 20 நிமிடம் பேசினால், அந்தச் சாலையில் என்ன தேவை என்று உறுப்பினர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும். கிராம சுகாதார செவிலியர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர், பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் விவசாயி என்று பட்டியல் போட்டு வையுங்கள். பேச்சு முடிந்ததும் நினைவுப் பரிசு கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எங்க முப்பது பேரால ஆகக்கூடியது என்னங்க இருக்கு?' அந்தப் பதிலைச் செயலாளர் எழுதிக்கொள்ளட்டும்.

படி 5: இரண்டு வங்கிக் கணக்கு

உறுப்பினர் சந்தா ஒரு கணக்கில், பொதுமக்களிடமும் நன்கொடையாளர்களிடமும் சேவைக்காக வாங்கிய பணம் வேறு கணக்கில். இதில் சமரசமே கிடையாது. பொதுமக்களிடம் திரட்டிய நிதி முழுக்கப் பொதுமக்களுக்கே போக வேண்டும், சங்கச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது லயன்ஸின் எழுதப்பட்ட விதி. மற்றவர்களும் அப்படியே செய்வது நல்லது. சாப்பாட்டு பில்லும் பிளக்ஸ் பில்லும் சந்தாக் கணக்கில்தான் விழ வேண்டும். இரண்டு கணக்குக்கும் இரண்டு கையெழுத்து, நன்கொடைக்கு எண்ணிட்ட ரசீது, முகாம் முடிந்து அடுத்த கூட்டத்திலேயே வரவு செலவு வாசிப்பு.

நன்கொடையாளர் வருமான வரிச் சலுகை கேட்டால், உங்கள் சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ அதற்கான பதிவு இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் உறுதிசெய்த பிறகே வாக்குக் கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடைக்காது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய பணத்துக்கு ரோட்டரி ஃபவுண்டேஷனின் குளோபல் கிராண்ட் என்ற மானியம் உண்டு. குறைந்தபட்சத் திட்ட மதிப்பு 30,000 டாலர், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக இருக்க வேண்டும், ஊரின் தேவையை ஆராய்ந்த அறிக்கையும் கேட்பார்கள். முதல் வருடத் தலைவர்கள் இதை நோக்கி ஓடி மூச்சுவாங்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் பணத்தில் இரண்டு சின்னத் திட்டத்தை ஒழுங்காக முடித்த சங்கத்துக்கே இது கைகூடும்.

படி 6: தேவையை அறிந்த பிறகே திட்டம்

பெரும்பாலான திட்டங்கள் தலைகீழாகத்தான் பிறக்கின்றன. யாரோ ஒரு நன்கொடையாளர் பொருளோடு வருவார், அதை வாங்கிக்கொள்ள ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடுவோம். நம் மாவட்டத்தில் இதற்குச் சரியான உதாரணம் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியின் பாறை நிலத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல ஊர்களில் சிரித்தாலே தெரியும், பல்லில் பழுப்புக் கறை இருக்கும். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப் போகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் வரும் இந்தப் பாதிப்பு, அதைத் தடுப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒகேனக்கல் தண்ணீர் இங்கே வருகிறதா? வந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? சத்துணவு சமைப்பது எந்தத் தண்ணீரில்? பல சமயம் அங்கே இல்லாமல் போவது இயந்திரமல்ல, வந்த காவிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தனித் தொட்டி. அதற்கு ஆகும் செலவும் குறைவு, பழுதும் கிடையாது.

இன்னும் இரண்டு விஷயம். விற்பனைக்காரர் ஒரு பேனா அளவுக் கருவியைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார். அது டி.டி.எஸ். மீட்டர். மொத்தக் கரைந்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. அதனால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறீர்கள் என்றால் இந்த ஒரு செய்தியைப் பதியவைத்தாலே போதும்.

அதற்கும் பிறகு ஆர்.ஓ.தான் தேவை என்று தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள். மின்கட்டணம் யார் கட்டுவது, உள்ளே தண்ணீரை வடிகட்டும் மெம்பரேனை மாற்றும் செலவை யார் ஏற்பது, கழிவாக வெளியேறும் தண்ணீரை எங்கே விடுவது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

படி 7: கண் சிகிச்சை முகாம்

1925-ல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து கண் முகாம் சேவைச் சங்கங்களின் அடையாளமாகிவிட்டது. சரியாக நடத்தினால் இதைவிடக் கைமேல் பலன் தரும் திட்டம் வேறில்லை. புரை விழுந்த கண், லென்ஸ் வைத்த மறுநாளே பேரன் முகத்தைப் பார்த்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகாமுக்கு இரண்டு மாதம் முன்பு: கண் மருத்துவமனையோடு பேசித் தேதி முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூட பெஞ்சிலேயே அறுவை செய்த காலம் மலையேறிவிட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனை அரங்கில்தான். எனவே அன்றே எத்தனை பேரை அழைத்துப் போக முடியும், எத்தனை படுக்கை ஒதுக்குவார்கள், வண்டி யாருடையது, சாப்பாடு, மருந்து, கண்ணாடி யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துக்குத் தெரியப்படுத்துவது கட்டாயம். பொதுவாக மருத்துவமனையே அந்தத் தாள் வேலையைச் செய்துவிடும், ஆனால் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியில் ஊர்க்கணக்கு முக்கியம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் சாலையில் வண்டி நகராது, பென்னாகரம் முகாமை அந்த வாரத்தில் வைக்கக்கூடாது. மாசி, பங்குனியில் ஊர் ஊராக மாரியம்மன் பண்டிகை, காப்புக் கட்டிய ஊரிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். தீபாவளி, பொங்கலுக்குப் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். அது முகாமுக்கான நாளல்ல, ஆனால் முகாமைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நாள் கிடையாது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுப்பது அவர்கள்தானே.

இரண்டு வாரம் முன்பு: விளம்பரம். பிளக்ஸைப் படிக்க முடிந்தவருக்கு முகாமே தேவைப்படாது என்று கிண்டலாகச் சொல்வார்கள், அதில் விஷயம் இருக்கிறது. காலையில் பால் சொசைட்டி, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், வாரச்சந்தை என்று ஆள் கூடும் இடத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர்கள் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பவர்கள், எந்த வீட்டுப் பாட்டி சுவரைத் தடவி நடக்கிறார் என்று அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் கேட்டுத்தான் பட்டியல் தயாரிக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் ஆட்டோ மைக் அறிவிப்பைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பதிவுசெய்து விடுங்கள். சித்தேரி மாதிரி மலை ஊர்களுக்கு அறிவிப்பு மட்டும் போதாது, வண்டியும் அனுப்ப வேண்டும்.

வருபவர்கள் ஆதார் நகல், சாப்பிடும் மாத்திரைகள், ஒரு மாற்றுத் துணி, வீட்டில் ஒருவரின் போன் நம்பர் கொண்டுவர வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். காலைச் சாப்பாட்டையும் சர்க்கரை மாத்திரையையும் தவறவிட்டு வந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

முகாம் நாள்: பள்ளியில் ஐந்து அறை வேண்டும், அதில் ஒன்று ஜன்னலை அடைத்து இருட்டாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வரிசை இப்படிப் போகும்: பதிவு, பார்வை அளவு, பிரஷர் மற்றும் சர்க்கரை, கண் அழுத்தமும் கண்ணீர்ப் பை சோதனையும், மருத்துவர், கண்ணாடி அளவு, கடைசியாக ஆலோசனை. பார்வை அளவுக்கு 6 மீட்டர் தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு, நாலு பக்கமும் திரும்பி நிற்கும் மூன்று கால் சீப்பு போன்ற குறி உள்ள அட்டை இருக்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர் நின்றால் வரிசை பாதி நேரத்தில் நகரும். உறுப்பினர்கள் அங்கே நின்று செல்ஃபி எடுத்தால் நகராது.

எல்லா முகாமும் ஆலோசனை மேசையில்தான் வெல்கிறது அல்லது தோற்கிறது. மருத்துவர் அறுவை எழுதியவர்களில் ஒரு பங்கு அங்கேயே நழுவிவிடுவார்கள். அந்த மேசையில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

'பாட்டி, வண்டி இப்பவே போகுது. ரெண்டு மூணு நாள்ல கொண்டாந்து விட்டுடுவோம்.'

'அதெல்லாம் இருக்கட்டும் சாமி. ஆடு அஞ்சு உருப்படி கெடக்குது, அத எவன் மேய்ப்பான்?'

பயமாக இருக்கிறது என்று யாரும் நேரடியாகச் சொல்வதில்லை, ஆடு, அறுவடை, பேத்தி சடங்கு என்றுதான் வரும். மேசையில் இருப்பவர் வாதாடக்கூடாது. ஆட்டைத்தான் பேச வேண்டும். மருமகளுக்குப் போன் போட்டு ஆட்டுக்கு வழி செய்துவிட்டால் பாட்டி பையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார். அதே ஊரில் போன வருடம் அறுவை செய்துகொண்ட ஒருவரை அந்த மேசையில் உட்கார வைப்பது எந்த மருத்துவர் பேச்சையும்விட அதிகம் வேலை செய்யும்.

வண்டியில் சங்கத்து ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும், பெண்கள் அதிகம் என்றால் ஒரு பெண் உறுப்பினரும். பெயர்ப் பட்டியலின் ஒரு நகல் வண்டியில், ஒன்று செயலாளரிடம். திரும்பும்போது ஊர் முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போகாமல் வீட்டு வாசலில் விடுங்கள். கண்ணில் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும், தேய்க்கக்கூடாது, சொட்டு மருந்து எப்போது என்பதையெல்லாம் பாட்டியிடம் மட்டுமில்லாமல் வீட்டில் உள்ளவரிடமும் சொல்லுங்கள். விறகு அடுப்புப் புகையும் மாட்டுக்கொட்டகைத் தூசியும் சில நாளைக்கு வேண்டாம் என்பதை மறக்காமல் சேர்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து: மறுபரிசோதனை. பத்திரிகைச் செய்தி வந்த பிறகு பல சங்கங்கள் இதை மறந்துவிடுகின்றன. கண்ணில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் என்று யாருக்காவது வந்தால் உடனே தெரிய வேண்டும். ஆகவே முதல் வாரம் ஒரு போன், மாதக் கடைசியில் மறுபரிசோதனைக்கு வண்டி என்பதை முகாம் பட்ஜெட்டிலேயே சேருங்கள். இதற்குப் பணம் இல்லை என்றால் முகாமை முப்பது பேரோடு சுருக்கிக்கொள்வதே முறை.

படி 8: ரத்ததான முகாம்

இதில் ஒரு பொதுவான கோளாறு, எல்லாரும் ஒரே நாளில் நடத்துவது. ஜூன் 14 உலக ரத்ததான நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள், அப்புறம் தலைவர்களின் பிறந்தநாள்கள். ரத்தச் சிவப்பணுக்கள் பதப்படுத்தும் கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். ஒரே நாளில் குவித்தால் பின்னால் பற்றாக்குறை வரும். மருத்துவமனை ரத்த மையத்திடம் 'உங்களுக்கு எந்த மாதம் கஷ்டம்?' என்று கேட்டுத் தேதி வையுங்கள். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பெண்கள் கல்லூரியில் முகாம் வைத்தால், ஆர்வமாக வரிசையில் நின்ற பல பிள்ளைகள் ஹீமோகுளோபின் போதாமல் திரும்பிப் போவார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியலைக் கல்லூரி நிர்வாகம் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்து, இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கவும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் ஏற்பாடு செய்தால் அதுவே தனித் திட்டம். பெயர்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

பள்ளித் திட்டங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் கேளுங்கள், 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்தில் பள்ளிகள் தங்கள் தேவையைப் பதிந்திருப்பதையும் பாருங்கள். கழிப்பறை கட்டினால் தண்ணீருக்கும் சுத்தம் செய்பவருக்கும் வழி செய்துவிட்டுக் கட்டுங்கள். நோட்டுப் புத்தகத்தை ஜூனிலேயே கொடுங்கள், ஆகஸ்டில் கொடுத்தால் அது உங்கள் விழாவுக்கு மட்டுமே உதவும்.

படி 9: புகைப்படம், பெயர்ப் பலகை

சங்கங்களின் மேல்நிலைப் பொறுப்பாளரான மாவட்ட ஆளுநர் வருகைக்கும் விருதுப் புள்ளிக்கும் படம் தேவைதான். அதற்காக ஒரு தையல் இயந்திரத்தை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, வாங்கும் பெண் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத படம் வேண்டாம். உதவி பெறுபவரிடம் சம்மதம் கேளுங்கள். குழந்தைகள், நோயாளிகள் முகம் தெரியாமல் பொருளையும் வேலையையும் எடுங்கள். முகாம் அன்று மேடை நிகழ்ச்சி 15 நிமிடம், அதுவும் பரிசோதனை தொடங்கிய பிறகு. சிறப்பு விருந்தினர் வரும்வரை முதியவர்களை வெயிலில் காக்கவைக்கும் பழக்கத்தை ஒழித்தே ஆக வேண்டும்.

அரசு ஊழியர்களோடு சேர்ந்து செய்த வேலையில் அவர்கள் பெயரை முதலில் போடுங்கள். 1985-ல் ரோட்டரி உலக அளவில் போலியோவுக்கு எதிராக இறங்கியது. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு பதிவானது 2011 ஜனவரி 13-ல், போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச் 27-ல். அத்தனை வருடமும் வாயில் சொட்டு மருந்து விட்டதில் பெரும்பங்கு அங்கன்வாடிப் பணியாளர்களும் செவிலியர்களும்தான். சங்கத்துக்காரர்கள் பணம் திரட்டினார்கள், பந்தல் போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், பேருந்து நிலையத்தில் குழந்தைகளை அழைத்து வந்தார்கள். அந்தப் பங்கு கௌரவமானது, அதோடு நம்மால் முடிவதும்கூட.

படி 10: ஒப்படைப்பு

அடுத்த ஆண்டு நிர்வாகிகளை ரோட்டரியில் டிசம்பர் 31-க்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஜனவரியிலிருந்து அடுத்த தலைவரையும் செயலாளரையும் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் உட்கார வைக்கலாம். மார்ச்சில் அடுத்த வருட கண் முகாம் தேதியை அவர்களே மருத்துவமனையோடு பேசட்டும். ஜூனில் ஒரு கோப்பு கை மாற வேண்டும். கூட்டக் குறிப்பேடு, இரண்டு கணக்கின் பாஸ்புக், நன்கொடையாளர் பட்டியல், ஆர்.ஓ. கொடுத்த பள்ளிகளின் பெயரும் மெம்பரேன் மாற்ற வேண்டிய மாதமும், மறுபரிசோதனை பாக்கியுள்ள நோயாளிகளின் நம்பர், பந்தல்காரர், வேன்காரர், சமையல்காரர் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

வங்கியில் கையெழுத்து மாற்றும் வேலைக்குத் தீர்மான நகலும் புது நிர்வாகிகளின் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள், இரண்டு மூன்று நடை அலைய வேண்டியும் வரலாம். தீர்மானத்தை ஜூன் முதல் கூட்டத்திலேயே போட்டு நகல்களைத் தயாராக வைத்தால், ஜூலையில் முதல் காசோலைக்காகப் பழைய பொருளாளரைத் தேடி அவர் மாந்தோப்புக்குப் போக வேண்டியிருக்காது.